நடக்காத நாட்களின் குத்தகை

செப்டம்பர் இரண்டு, புதன்.
விளக்கை ஊதிவிட்டுப் படுத்தேன்.
விடிந்தால் பதினான்கு, வியாழன்.
பார்லிமெண்ட் உத்தரவு.
போப்பாண்டவரின் பஞ்சாங்கத்தை
நூற்றெழுபது வருஷம் கழித்து
நாங்களும் ஒப்புக்கொண்டோம், அவர் பெயரைச் சொல்லாமல்.

பேரேட்டில் இரண்டுக்குக் கீழே கோடு கிழித்தேன்.
அடுத்த வரியில் பதினான்கு போட
இறகுப்பேனா சண்டித்தனம் செய்தது.
பத்தொன்பது வருஷமாய் ஒரு நாள் விட்டதில்லை நான்.
மார்ஜெரியைப் புதைத்த அன்றுகூட இருக்கிறது பாருங்கள்:
மழை. ஓட்ஸ் நான்கு மூட்டை.
சவப்பெட்டி, பன்னிரண்டு ஷில்லிங்.

பாத் நகரிலிருந்து துரையின் கடிதம்.
பகலில் வெந்நீரில் முட்டி ஊறுகிறது,
ராத்திரியில் சீட்டு.
யாரோ ஒரு கர்னலுக்கு எண்பது கினி பாக்கி.

"பிக்கரில், மிக்கேல்மஸ் இருபத்தொன்பதாம் தேதி.
பஞ்சாங்கத்தில் அச்சடித்திருக்கிறான்.
குத்தகையை அன்றைக்கே வாங்கிவிடு."
காகிதத்தைத் திருப்பினால்,
"பண்ணையாட்களின் வருஷச் சம்பளத்தில்
பதினொரு நாளைப் பிடித்துக்கொள்.
அந்த நாட்களில் அவர்கள் வேலை செய்யவில்லை அல்லவா?"

இரண்டு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன்.
வரவில் இருக்கிற பதினொரு நாள்
செலவில் இல்லை.

சட்டத்தை நான் படித்திருக்கிறேன்,
ஹார்ன்காஸில் வக்கீல் வீட்டில், நின்றுகொண்டே.
பணம் கட்டும் நாள் முன்னே நகராது என்று
பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.
துரைக்கு இது தெரியாதா?
அந்தச் சபையில் கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.
இருந்தும் குதிரைக்குச் சேணம் போட்டேன்.
உப்பைத் தின்கிறவன்.

சதுப்பு விளிம்பில் டார்க்கஸ் வின்னின் குடிசை.
குத்தகையோடு ஒரு பெருவாத்தும் தரவேண்டும் அவள்.
அறுத்த வயலில் சிந்திய மணி தின்று
மிக்கேல்மஸுக்குள் அது கொழுக்கும்,
நாள் இருந்தால்.
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.
"தூக்கிப் பாருங்கள்."
தூக்கினேன். இறகும் எலும்பும்.
"இதற்கு யாரும் சட்டத்தை வாசித்துக் காட்டவில்லை" என்றாள்.
சிரிக்கவில்லை.
கதவில் சாய்ந்து நின்றாள், கணுக்கால்வரை சேறு.
வாத்து என் மணிக்கட்டைக் கொத்தியது.

அன்றிரவு எழுதினேன்:
துரை அவர்களுக்கு, ஆறு பெருகிப் பாலம் மூழ்கிவிட்டது.
அக்டோபர் பத்துக்கு முன்னால்
குடியானவர் ஒருவரும் வந்துசேர வழியில்லை.

அந்த மாதம் ஒரு சொட்டு மழை இல்லை.
கன்றுக்குட்டிகள் ஆற்றைக் குறுக்கே நடந்து கடந்தன.

அனுப்புகிற கடிதத்துக்கெல்லாம் நகல் எடுப்பது வழக்கம்.
இதற்கும் எடுத்தேன்.
அதே பக்கத்தின் தலையில், என் கையெழுத்திலேயே:
வறட்சி. ஆற்றில் முழங்காலுக்குத் தண்ணீர் இல்லை.
கிணறு தூர்வார மூன்று ஷில்லிங்.
கிழிக்கவில்லை. யாராவது என்றைக்காவது படிக்கட்டும்.

பத்தாம் தேதி குத்தகை முழுசாய் வந்தது.
கூடவே இருபத்துமூன்று வாத்து, நடக்கமுடியாத கொழுப்போடு.
டார்க்கஸுடையது என்னை அடையாளம் கண்டுகொண்டு
இன்னொரு தரம் கொத்தியது.

துரையின் பதிலில் வெள்ளம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"ஆட்களின் சம்பளத்தில் பிடிக்க மறந்துவிட்டாய் போலிருக்கிறது.
மாதிரிக்கு உன்னுடையதில் தொடங்குகிறேன்.
வருஷம் நாற்பது பவுன் என்றால் பதினொரு நாளுக்கு
ஒரு பவுன், நான்கு ஷில்லிங், ஒன்றேகால் பென்னி."

மெழுகுவர்த்தியைக் கிட்டே இழுத்து வகுத்துப் பார்த்தேன்.
எழுதினேன், நகலும் எடுத்தேன்:

தாழ்மையுடன் தெரிவிப்பது.
இது லீப் வருஷம். முந்நூற்று அறுபத்தாறால் வகுக்கவேண்டும்.
முக்கால் பென்னி எனக்குத் திரும்ப வரவேண்டியிருக்கிறது.
பிப்ரவரி இருபத்தொன்பது அன்று
நான் வேலை செய்தேன்.
உறைபனி. வேலிக்கு ஆறு கழி வெட்டினோம்.
பேரேட்டில் இருக்கிறது.